மோவாய் உள்வாங்கியிருக்கிறது: ஊசியா, சிலிக்கானா, எலும்பு அறுவையா?

கேள்வி: எனக்கு வயது 27. பக்கவாட்டில் எடுத்த படங்களில் மோவாய் உள்ளே போனது போலத் தெரிகிறது. நேரே பார்த்தால் முகத்தின் கீழ்ப்பகுதி நீளமாக இருக்கிறது. சும்மா இருக்கும்போது உதடுகள் ஒட்டுவதில்லை. முயன்று மூடினால் மோவாய்ச் சதை இறுகி ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாகிவிடுகிறது. 14 வயதில் எத்துப்பல்லுக்காக மேல்வரிசையில் இரண்டு பற்களை எடுத்துவிட்டு கிளிப் போட்டார்கள். இப்போது பல்வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஒரு மருத்துவர் 2 மி.லி. ஃபில்லர் (ஊசியில் செலுத்தும் நிரப்பி) போதும் என்கிறார். இன்னொருவர் சிலிக்கான் இம்பிளான்ட் வைக்கலாம் என்கிறார். மூன்றாமவர் எலும்பை அறுத்து நகர்த்த வேண்டும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? உதடு நிரந்தரமாக மரத்துவிடும் என்று படித்ததிலிருந்து பயமாகவும் இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் முடிவைத் தீர்மானிக்கும் வரி, உதடுகள் ஒட்டுவதில்லை என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருப்பதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

பற்களை லேசாகச் சேர்த்து, முகத்தைத் தளர்த்தி வைத்திருக்கும்போது மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே 3 மி.மீ. வரை இடைவெளி இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால், உதட்டை மூட மோவாய்த் தசை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இந்தத் தசை கீழ் முன்பற்களின் வேர்களுக்குக் கீழே எலும்பில் தொடங்கி மோவாய்த் தோலில் போய் முடிகிறது. அது சுருங்கினால் கீழுதடு மேலேறும், தோல் குழிகுழியாகும். உங்கள் மோவாய் பின்னே மட்டும் இல்லை, கீழேயும் இருக்கிறது. அதனால் கீழுதடு ஒவ்வொரு முறையும் ஏற வேண்டிய தூரம் அதிகம். நேரே பார்க்கும்போது நீளமாகத் தெரிவதும் இதனால்தான்.

இங்கேதான் முதல் இரண்டு யோசனைகளும் அடிபடுகின்றன. ஃபில்லரும் இம்பிளான்ட்டும் எலும்பின் முன்பக்கத்தில் பருமனைக் கூட்டுபவை. உயரத்தைக் குறைக்க அவற்றால் முடியாது. பக்கவாட்டுப் படம் கொஞ்சம் தேறும். உதடு முன்போலவே திறந்திருக்கும், குழியும் போகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. எப்போதும் இறுகிக்கொண்டே இருக்கும் தசைக்கு அடியில் இம்பிளான்ட்டை வைத்தால், தசை அதை எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். அதன் அடியில் எலும்பு மெல்லக் கரையும். கீழ்விளிம்புக்கு அருகே இருக்கும் கெட்டியான எலும்பில் 1, 2 மி.மீ. கரைந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை, எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். ஆனால் இம்பிளான்ட் மேலேறி, பல்வேர்களை மூடியிருக்கும் மெல்லிய எலும்பின் மீது உட்கார்ந்தால் வேர் வரை அரிக்கக்கூடும்.

குழி மறைய, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் இப்போது தள்ளிவையுங்கள். உதடு நன்றாக மூடுபவர்களுக்கு அது 3, 4 மாதம் பலன் தரும். உங்களுக்கோ உதட்டை மூட உதவிக்கொண்டிருப்பதே அந்தத் தசைதான். அதைத் தளர்த்தினால் இடைவெளி இன்னும் கூடும்.

ஆக, உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் மூன்றாமவர் சொன்னதுதான் பொருத்தம்: மோவாய் எலும்பை அறுத்து முன்னே நகர்த்தி, கூடவே உயரத்தையும் குறைக்கும் ஜீனியோபிளாஸ்டி. ஆனால் நாள் குறிக்கும் முன் மூன்று சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்று உண்மையானால் மோவாயை மட்டும் தொடுவது அரைகுறை வைத்தியம் ஆகிவிடும்.

முதலாவது, கிளிப். மேல்வரிசையில் மட்டும் இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுப்பது, பின்தங்கிய கீழ்த்தாடைக்கு ஏற்ப மேல் முன்பற்களைப் பின்னே இழுப்பதற்காகவே பெரும்பாலும் செய்யப்படுகிறது. பல்வரிசை பொருந்திவிட்டது, தாடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே 'கடி சரியாக இருக்கிறது, எனவே தாடையும் சரி' என்ற கணக்கு உங்களிடம் செல்லாது. செஃபலோகிராம் என்ற பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே எடுத்து, தாடைகளின் நிலையைக் கோணங்களால் அளக்க வேண்டும். மேல், கீழ்த்தாடைகளுக்கு இடையிலான ஏஎன்பி கோணம் சராசரியாக 2 டிகிரி. அது 5-ஐத் தாண்டி நன்றாகக் கூடுதலாக இருந்தால், குறை மோவாயின் நுனியில் மட்டும் இல்லை, முழுக் கீழ்த்தாடையிலும் இருக்கிறது. கிளிப் போடும் முன் எடுத்த பழைய எக்ஸ்ரே கிடைத்தால் அது இன்னும் மதிப்பு வாய்ந்தது.

முழுத் தாடையையும் முன்னே கொண்டுவரும் அறுவை தனி. கீழ்த்தாடையின் இருபக்கமும் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் எலும்பை நீளவாக்கில் பிளந்து நகர்த்துவார்கள். அதற்கு முன்னும் பின்னும் கிளிப் வேண்டும், ஒன்றரை இரண்டு ஆண்டு போகலாம். தோற்றத்துக்காக மட்டும் எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பலமாகக் குறட்டை விடுபவராகவோ, தூக்கத்தில் மூச்சு நின்று விழிப்பவராகவோ, பகலில் அசந்து தூங்குபவராகவோ இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சுத் தடை உறுதியானால் முழுத்தாடை அறுவையைப் பற்றித் தீவிரமாகப் பேசலாம். மூச்சுத் தொல்லை எதுவும் இல்லை, மெல்லுவதிலும் குறை இல்லை என்றால், மோவாய் எலும்பை மட்டும் நகர்த்துவது நியாயமான தேர்வே.

இரண்டாவது, மேல்தாடை. கண்ணாடி முன் நின்று முகத்தைத் தளர்த்திப் பாருங்கள். மேல் வெட்டுப்பற்கள் 2 முதல் 4 மி.மீ. தெரிவது இயல்பு. அதைவிட நிறையத் தெரிந்து, சிரிக்கும்போது ஈறும் 3 மி.மீ.க்கு மேல் தெரிந்தால் மேல்தாடையே உயரமாக வளர்ந்திருக்கக்கூடும். அப்போது உதடு ஒட்டாததற்குப் பெரிய காரணம் மேலே இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மேல்தாடையை அறுத்து மேலே ஏற்றினால், கீழ்த்தாடை மூட்டில் தானாகச் சுழன்று மேலும் முன்னும் வந்துவிடும். மோவாயில் செய்ய வேண்டியது கொஞ்சமே மிஞ்சும்.

மூன்றாவது, தாடை மூட்டு. 18, 20 வயதுப் படங்களோடு இப்போதைய படங்களை ஒப்பிடுங்கள். மோவாய் இத்தனை ஆண்டுகளில் இன்னும் பின்னே போயிருக்கிறதா? முன்பற்கள் முன்பு தொட்டு இப்போது தொடாமல் இருக்கின்றனவா? காதுக்கு முன்னால் வலியோ சத்தமோ உண்டா? இளம்பெண்கள் சிலருக்கு மூட்டு எலும்பின் தலைப்பகுதி காரணம் தெரியாமல் கரைவதுண்டு. அது நின்று நிலைத்துவிட்டது என்று உறுதியாகும் வரை எந்தத் தாடை அறுவைக்கும் அவசரப்படக் கூடாது.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி மூக்கைப் பெரிதாக்கி மோவாயைப் பின்னே தள்ளிக் காட்டும். வேறொருவரை 1.5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, பார்வை தொலைவில் நேராக இருக்க, பக்கவாட்டில் எடுங்கள். கீழுதட்டின் முன்விளிம்பிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். பெண்களுக்கு மோவாய் அந்தக் கோட்டுக்கு 2, 3 மி.மீ. பின்னே இருப்பது இயல்பு. ஆண்களுக்குக் கோட்டை ஒட்டி இருக்கும். உயரத்துக்கு, மூக்கடியிலிருந்து உதடுகள் சேரும் கோடு வரை 20 மி.மீ. என்றால் அங்கிருந்து மோவாயின் அடி வரை 40 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். வீட்டு அளவு ஒரு யோசனை தருமே தவிர அறுவைக்கு உதவாது. எக்ஸ்ரேயின்போது உதட்டை இறுக்கி மூடாமல் தளர்த்தியே வையுங்கள். இறுக்கினால் மோவாய்ச் சதை மேலேறித் தட்டையாகி, அளவு தவறிவிடும்.

இனி அறுவையைப் பார்ப்போம். முழு மயக்கத்தில், சுவாசக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்தி, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிவது. கீறல் வாய்க்குள்தான், வெளியே தழும்பு இல்லை. கீழுதட்டின் உட்புறம், ஈறிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிக் கீறி, எலும்புப் பக்கம் தசையில் ஒரு பட்டையை விட்டுவைப்பார்கள். திரும்பத் தைக்கும்போது ஊசி பிடிக்க அந்தப் பட்டை வேண்டும். எலும்பைத் திறந்ததும் நடுக்கோட்டிலும் இருபக்கமும் சின்னக் குறிகள் கீறப்படும். அறுத்த பிறகு துண்டு கோணலாக உட்காராமல் இருக்க இந்தக் குறிகள்தான் வழிகாட்டி. அறுக்கும் கோடு கோரைப்பல்லின் வேர்நுனிக்குக் குறைந்தது 5 மி.மீ. கீழேயும், உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளிவரும் துளைக்கு 5, 6 மி.மீ. கீழேயும் போக வேண்டும். துளைக்கு மிக அருகே அறுக்கக் கூடாததற்குக் காரணம், நரம்பு வெளியே வருவதற்கு முன் எலும்புக்குள் கொஞ்சம் கீழிறங்கி வளைந்துதான் மேலேறும்.

உயரத்தைக் குறைக்க இரண்டு இணைகோடுகளில் அறுத்து, நடுவிலிருக்கும் எலும்புச் சீவலை எடுத்துவிடுவார்கள். உங்களைப் போன்றவருக்கு, எடுத்துக்காட்டாக, 4 மி.மீ. சீவலை எடுத்துக் கீழ்த்துண்டை 6 மி.மீ. முன்னே நகர்த்துவது போன்ற திட்டம் வரலாம். உண்மையான அளவு எக்ஸ்ரேயைப் பொறுத்தது. மோவாயின் அடிவிளிம்பையே சீவி எறிவது இதற்கு மாற்று ஆகாது. அங்கே ஒட்டியிருக்கும் தசையும் சதையும் பிடியிழந்து தொங்கும். நடுவில் எடுக்கும்போது நாக்கைப் பிடித்திருக்கும் தசைகள் கீழ்த்துண்டின் பின்புறம் ஒட்டியே இருக்கும். துண்டுக்கு ரத்தமும் அவற்றின் வழியாகவே வரும். பிறகு படி போல வளைத்த டைட்டானியம் தகட்டை வைத்துத் திருகுவார்கள். தகட்டை வழக்கமாக வெளியே எடுப்பதில்லை.

எலும்பு எவ்வளவு முன்னே போகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு சதையும் கூடவே போகும். உயரம் குறைக்கும்போது சதை அவ்வளவு கச்சிதமாகப் பின்தொடராது. உங்கள் திட்டத்தில் இரண்டும் சேர்ந்து நடப்பதால், மேலேறும்போது தளரும் சதையை முன்னே போகும் எலும்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழுத்துக்கோடும் கொஞ்சம் தெளிவாகும்.

மரத்துப்போவது பற்றி. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு இந்த அறுவையில் வழக்கமாக அறுபடுவதில்லை, இழுபடுகிறது. அதனால் கீழுதட்டிலும் மோவாயிலும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், மதமதப்பு இருப்பது சாதாரணம். எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு தொடங்கினால் நரம்பு தேறுகிறது என்று பொருள். ஓராண்டு கழித்தும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். சிலருக்கு ஒரு சிறு இடம் அப்படி நிற்கவும் செய்கிறது. அந்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும். இது தொடுவுணர்ச்சி நரம்பு. உதட்டை அசைப்பது வேறொரு நரம்பு. எனவே மரத்திருக்கும் காலத்தில் உதடு கோணிப்போகாது, ஆனால் சூடான பானம் உதட்டைச் சுட்டாலும் தெரியாது. ஆற வைத்தே குடியுங்கள். இம்பிளான்ட்டிலும் இந்த நரம்பு இழுபடலாம், இம்பிளான்ட்டின் பக்கவாட்டு நீட்சி மேலேறினால் அழுத்தப்படவும் செய்யலாம். மரப்புப் பயத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

நரம்பைவிட நான் அதிகம் கவலைப்படுவது தசைத் தையலைப் பற்றி. கீறும்போது பிரிந்த மோவாய்த் தசையை அதன் பழைய உயரத்தில் திரும்பக் கட்டாமல், வாயின் உட்தோலை மட்டும் தைத்துவிட்டால், சில மாதங்களில் மோவாய்ச் சதை சரிந்து கீழுதடு இறங்கும். பேசும்போது கீழ்ப்பற்கள் அதிகமாகத் தெரியும். இதைத் திருத்துவது முதல் அறுவையைவிடக் கடினம். உங்கள் பங்குக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: தையல் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடி முன் நின்று கீழுதட்டை இழுத்துத் திறக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் அது தசைத் தையலையே பிய்க்கும்.

இன்னொரு குறை, நகர்த்திய துண்டு முடியும் இடத்தில், தாடையின் கீழ்விளிம்பில் இருபுறமும் ஒரு படி தட்டுப்படுவது. அறுக்கும் கோடு மிகக் குட்டையாக முன்னாலேயே நின்றுவிட்டால் இது துருத்தும். கோட்டைக் கடைவாய்ப் பற்கள் வரை பின்னே நீட்டினால் படி மென்மையாகும். இதைத் திட்டத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீக்கம் 2, 3-ஆம் நாளில் உச்சத்துக்குப் போகும். முதல் 48 மணி நேரம் குளிர் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுப்பது, மோவாயில் ஒட்டிய பட்டையை 3 முதல் 5 நாள் கழற்றாமல் இருப்பது உதவும். தாடையைக் கம்பியால் கட்டுவதில்லை, வாய் திறக்கலாம். ஆனாலும் இரண்டு வாரம் மெல்லத் தேவையில்லாத உணவு. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் வாய் கொப்பளிப்பது. குளோர்ஹெக்சிடின் திரவம் தந்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும். நீட்டினால் பல்லில் கறை படியும். கடினமானதைக் கடிக்க 6 வாரம், முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டுக்கு 8 வாரத்துக்கு மேல் காத்திருங்கள். புகைப்பவர் என்றால் முன்னும் பின்னும் நான்கு வாரம் அறவே கூடாது. முதல் மாதச் சிரிப்பு விறைப்பாகத்தான் இருக்கும். வடிவத்தை 3 மாதத்துக்கு முன் எடைபோட வேண்டாம், கடைசி நுணுக்கம் தெளிய 6 மாதம் முதல் ஓராண்டு ஆகும்.

ஃபில்லரும் இம்பிளான்ட்டும் தப்பான வைத்தியம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். உதடு இயல்பாக மூடி, உயரமும் கடியும் சரியாக இருந்து, முன்பக்கம் 2, 3 மி.மீ. மட்டுமே குறைந்திருந்தால் ஹையலூரானிக் ஃபில்லர் 1, 2 மி.லி. போதும். பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நிற்கும். ஊசி போடும்போதோ பிறகோ கடுமையான வலியும், தோல் வெளுத்து அல்லது நீலத் திட்டாக மாறுவதும் ரத்தக்குழாய் அடைபட்டதன் அடையாளம். ஃபில்லரைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து கைவசம் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. அதே முகத்தில் 4 முதல் 8 மி.மீ. வரை தேவைப்பட்டால் இம்பிளான்ட்டைப் பரிசீலிக்கலாம். நேரம் குறைவு, எலும்பு அறுபடாது. சிலிக்கான் என்றால் அதைச் சுற்றி ஒரு சவ்வுறைதான் உருவாகும், வேண்டாமென்றால் எளிதாக எடுக்கலாம். நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இம்பிளான்ட்டில் திசு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகராது, ஆனால் எடுப்பது பாடு. எதுவானாலும் கிருமி தொற்றினால் பெரும்பாலும் வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்தையும் பார்க்க வேண்டும். அது ஏற்கெனவே ஆழமாக இருப்பவருக்கு மோவாயை முன்னே மட்டும் தள்ளினால், எந்த முறையானாலும், பள்ளம் இன்னும் ஆழமாகும். அவர்களில் பலருக்கு மோவாயின் உயரமே போதாமல் இருக்கும். எலும்பைக் கீழே இறக்கி இடைவெளியில் எலும்பு ஒட்டு வைத்தால் பள்ளம் தளரும். மோவாய் ஒருபக்கம் கோணியிருந்தால் துண்டைப் பக்கவாட்டில் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். அகன்ற மோவாயை நடுவில் ஒரு துண்டு எடுத்துக் குறுக்கலாம். துருத்திய மோவாயை நுனியில் தேய்த்து மட்டும் குறைப்பது 2, 3 மி.மீ.க்கு மேல் சரிவராது, மிஞ்சும் தோல் மடிந்து தொங்கும்.

இப்போதைக்கு ஃபில்லரைச் சோதனைக்காகக்கூடப் போட்டுக்கொள்ளாதீர்கள். சதையின் தடிமனை மாற்றி அளவுகளைக் குழப்பும். செஃபலோகிராம், பல்வரிசை முழுவதையும் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, நரம்பின் பாதை தெரிய சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன், கிளிப் காலத்துப் பழைய பதிவுகள் ஆகியவற்றுடன் முதலில் பல்சீரமைப்பு மருத்துவரையும், அடுத்து இந்த அறுவையை வழக்கமாகச் செய்யும் முகத்தாடை அறுவை நிபுணரையும் பாருங்கள். அவரிடம் முன்னே எத்தனை மி.மீ., மேலே எத்தனை மி.மீ., அறுக்கும் கோட்டுக்கும் என் நரம்புக்கும் நடுவே எவ்வளவு தூரம், கோடு பின்னே எதுவரை போகிறது, தசையை எத்தனை அடுக்காகத் தைப்பீர்கள் என்று கேளுங்கள். கணினியில் காட்டும் 'பின்னர்' படத்தைப் பதிலாக ஏற்காதீர்கள், எண்களைக் கேளுங்கள். அறுவை முடிந்து வீடு திரும்பிய பின் நாக்கின் அடியில் வீக்கம் ஏறி நாக்கு மேலே தள்ளப்பட்டாலோ, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தாலோ உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். மறுநாள் சந்திப்புக்குக் காத்திராமல் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.